மண்ணிடம் பாடம் படித்த பொறியாளர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, ஒரு கவிதை எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே பதினேழு கவிதைகள் வந்துவிட்டன, அதில் பதினைந்து காதல் கவிதைகள் என்றார்கள். ஆகவே நீங்கள் தப்பித்தீர்கள்! கவிதைக்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நாம் தினமும் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் பஸ்ஸில் போகிறோம்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதலில் காவிரிப் பாலம் வரும். அப்புறம் ஸ்ரீரங்கம் தீவு. அதைத் தாண்டினால் கொள்ளிடப் பாலம். காவிரியில் தண்ணீர் ஓடும் நாட்களில்கூட, அதைவிட அகலமான கொள்ளிடத்தில் பெரும்பாலும் வெறும் மணல்தான் தெரியும். ரெண்டும் முக்கொம்பில் பிரிகிற ஒரே ஆறு. அப்படியிருக்க ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மணல்... ஏன்? மூன்று வருஷம் இந்தப் பாலத்தைக் கடந்து வந்த எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை. எங்கள் புராஜெக்ட் கவிழ்ந்த பிறகுதான் தோன்றியது.

எங்கள் கதை கொஞ்சம்

போன வருஷம் எங்கள் குழு நான்கு பேருக்கும் கிடைத்த புராஜெக்ட், சிறிய மண் அள்ளும் இயந்திரம் ஒன்றின் வடிவமைப்பும் களத்தில் அதன் செயல்திறனும். ஊரில் மண் அள்ளுகிற எந்த வண்டியையும் பொக்லைன் என்றோ ஹிட்டாச்சி என்றோதான் சொல்கிறோம். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நாங்கள் எடுத்துக்கொண்டது அதன் குட்டி வகை. எடை சுமார் 3 டன். குறுகலான வாய்க்கால் கரையில் நின்று வேலை செய்யும். திரும்பும்போது வால் பக்கம் அதிகம் வெளியே நீட்டாது.

கணக்கு எல்லாம் அழகாக வந்தது. ஒரு செயின் 30 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் 150 செ.மீ. ரெண்டு செயினுக்கும் சேர்த்து 9,000 சதுர செ.மீ. வண்டியின் எடை 3,000 கிலோ என்றால் சதுர செ.மீட்டருக்கு 0.33 கிலோதான் அழுத்தம். நாம் நடக்கும்போது ஒற்றைக் காலில் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்! பக்கெட் கொள்ளளவு 0.08 கன மீட்டர். ஒரு தடவை அள்ளி, திரும்பி, கொட்டி, மறுபடி வர 18 வினாடி. அப்படியானால் மணிக்கு 200 தடவை. பக்கெட் முக்கால்வாசிக்கு மேல், அதாவது தொண்ணூறு சதவீதம் நிறைகிறது என்று வைத்தால் மணிக்கு 14.4 கன மீட்டர். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டோம்.

களம், கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் ஊர் வாய்க்கால். தூர் வாரும் வேலை எடுத்திருந்த ஒருவர், எங்களையும் கூட நின்று அளந்துகொள்ள அனுமதித்தார். முதல்நாள் ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் இடத்தைச் சொன்னேன். அந்த வளைவுக்குக் கீழே ஊற்று இருக்கிறது, மேலே காய்ந்து தெரியும், உள்ளே பொதபொதவென்று இருக்கும், வண்டியைக் கரையோரம் விடவேண்டாம் என்றார் அம்மா. நூறு நாள் வேலையில் அதே வாய்க்காலில் மண்வெட்டியும் பாண்டுமாக வருஷக்கணக்கில் இறங்கியவர் அவர். நான் கேட்டுக்கொண்டேன்... அவ்வளவுதான். சதுர செ.மீட்டருக்கு 0.33 கிலோ என்று கணக்கு போட்டவனுக்கு ஊற்று ஒரு பொருட்டா?

மறுநாள் பதினொரு மணிக்கு, ஆபரேட்டர் அண்ணன் பக்கவாட்டில் கையை முழுசாக நீட்டி ஈரக் களிமண்ணை ஒரு பக்கெட் தூக்கினார். எடை முழுவதும் கரைப்பக்கச் செயினின் விளிம்புக்குப் போய்விட்டது. 0.33 என்பது வண்டி சும்மா நிற்கும்போது உள்ள கணக்கு. தோண்டும்போது விளிம்பில் அது பல மடங்கு ஆகும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கரை சரிந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் உட்கார்ந்தது. அண்ணன் சமயோசிதமாகப் பக்கெட்டைத் தரையில் ஊன்றியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை மேலே ஏற்ற சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுபடி அளந்தோம். களிமண் பக்கெட்டில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. அறுபது சதவீதம் நிறைந்தாலே பெரிய விஷயம். ஒரு சுற்றுக்கு 26 வினாடி. டிப்பருக்குக் காத்திருந்தது, இடம் மாறியது எல்லாம் போக மணிக்கு 35 நிமிடம்தான் உண்மையான வேலை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணிக்கு 4 கன மீட்டர்கூட முழுசாக வரவில்லை. எங்கே 14.4, எங்கே 4! வைவாவில் என்ன சொல்வது? பழைய எண்ணையே எழுதிவிடலாம், யார் போய் அளக்கப் போகிறார்கள் என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் சம்மதம்தான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் சார் கூப்பிட்டு, முக்கொம்பை ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு, நூலகத்தில் ஆர்தர் காட்டனைப் பற்றிப் படித்துவிட்டு, அதன்பிறகு எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றார். போனோம். படித்தோம். இனிமேல் வருவது அவர் கதை.

பதினைந்து வயதில் பொறியியல்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803 மே 15ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். பதினொரு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்தாவது பிள்ளை. பதினைந்தாவது வயதில், கிழக்கிந்தியக் கம்பெனி ஆடிஸ்கோம்பில் நடத்திய ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். கவனியுங்கள், நாம் பத்தாவது முடித்து டிப்ளமோ சேர்கிற அதே வயது! கொஞ்ச காலம் வேல்ஸ் பகுதியில் நில அளவை வேலை. 1821இல் பதினெட்டு வயதுப் பையனாகச் சென்னைக்கு வந்து இறங்கினார்.

ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது ஏரிகளைக் கவனிக்கும் துறை. தென் மாவட்டங்களின் ஏரி, குளம், கலிங்கு, மதகு எல்லாம் பார்த்தார். பாம்பன் கால்வாயை அளந்தார். நடுவில் 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போருக்கும் போய் வந்தார். திரும்பியபின் 1828இல் காவிரியை ஆராயும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

நோய் எங்கே?

தஞ்சாவூர்ச் சீமைக்கு அன்று ஒரு பெரிய நோய். முக்கொம்பில் ஆறு ரெண்டாகப் பிரிகிறது என்று சொன்னேன் அல்லவா? வடக்கே போகும் கொள்ளிடம் நேராக, சரிவாகக் கடலுக்கு ஓடுகிறது. தெற்கே போகும் காவிரிக்குச் சரிவு குறைவு. தண்ணீருக்குச் சரிவுதான் பிடிக்கும். வருஷா வருஷம் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போக, காவிரியின் வாயில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போனது. காவிரி வாயில் மேடிட்ட மணலை ஆட்களை வைத்து வருஷந்தோறும் வெட்டி எடுப்பதுதான் அன்று தெரிந்த வைத்தியம். இந்த வருஷம் வெட்டினால் அடுத்த வெள்ளத்தில் மறுபடி மேடு!

காட்டன் யோசித்தார். மணலை மனிதன் ஏன் அள்ளவேண்டும்? ஆற்றையே அள்ள வைத்தால் என்ன? கொள்ளிடத்தின் தலையில் குறுக்கே ஒரு அணை போட்டால் தண்ணீர் காவிரிப் பக்கம் திரும்பும். அந்த வேகத்தில் காவிரி தன் மணலைத் தானே அரித்துக்கொண்டு போய்விடும். பெட்ரோல் டீசல் எதுவும் வேண்டாம். நம் மொழியில் சொன்னால், ஆற்றையே ஒரு பொக்லைனாக மாற்றுவது!

சொல்வது சுலபம். அடியில் பாறை கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் மணல். மணல்மேல் எப்படி அணை நிற்கும்? இதற்கு விடை லண்டன் புத்தகத்தில் இல்லை. பக்கத்திலேயே கல்லணையில் இருந்தது. கரிகால் சோழன் பெயரால் வழங்கும் அந்த அணை, சுமார் 1,080 அடி நீளத்துக்கு, ஆற்று மணலில் கற்களைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலும் மேலும் போட்டு, களிமண் சேர்த்து எழுப்பியது. நூற்றாண்டு நூற்றாண்டாக வெள்ளத்தைத் தாங்கி நின்றது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தான் இந்த நாட்டுப் பழைய கட்டுநர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆளும் கம்பெனியின் அதிகாரி, ஆளப்படும் மக்களின் முன்னோர்களைத் தன் ஆசான் என்று ஒப்புக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்கு அம்மா சொன்ன ஊற்று ஞாபகம் வந்து முகம் சுருங்கியது.

1836: மண்வெட்டியால் ஒரு அணை

1836இல் முக்கொம்பில் மேலணையும், வெகுதூரம் கிழக்கே அணைக்கரையில் கீழணையும் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்தன. முப்பத்து மூன்று வயதுப் பொறியாளர்! மணலில் கிணறு இறக்கும் நம் ஊர் முறைதான் அஸ்திவாரத்துக்குக் கைகொடுத்தது. வட்டமாகச் செங்கல் கட்டி, உள்ளே இருக்கும் மணலை ஆள் இறங்கி அள்ள அள்ள, கட்டடம் தன் எடையாலேயே கீழே இறங்கும்.

அன்று மண் அள்ள எந்த இயந்திரமும் கிடையாது. நீராவியில் இயங்கும் மண்வாரிக்கு அமெரிக்காவில் வில்லியம் ஓடிஸ் காப்புரிமை வாங்கியதே 1839இல்தான். ஆகவே மேலணையின் ஒவ்வொரு பிடி மணலும் மண்வெட்டியில் வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து எடுத்தது. சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கான நம் ஊர் ஆண்களும் பெண்களும். அவர்கள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. காட்டனின் பெயரைச் சொல்லும்போது அந்தப் பெயரில்லாதவர்களையும் சேர்த்தே நினைக்கவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

தண்ணீர் திரும்பியது. தஞ்சை செழித்தது. கீழணையால் வீராணம் ஏரிக்கும் அந்தப் பக்கத்து வயல்களுக்கும் பாசனம் உறுதியானது. கம்பெனிக்கும் நிலவரி கூடியது. அதற்காகத்தானே பணம் கொடுத்தார்கள்! இருந்தாலும் உழவன் வீட்டிலும் நெல் சேர்ந்தது என்பதை மறுக்கமுடியாது.

இதே காலத்தில் இன்னொரு சுவாரஸ்யம். இந்தியாவின் முதல் ரயில் 1853இல் பம்பாயில் என்று படித்திருக்கிறோம். அது பயணிகள் ரயில். அதற்கும் முன்னால், 1837இல், சென்னையில் செங்குன்றம் பக்கமிருந்து சாலை வேலைக்குக் கல் கொண்டுவர ஒரு இருப்புப்பாதை ஓடியது. அதைப் போட்டவரும் நம் காட்டன்தான்!

களம் கொடுத்த மார்க்

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். மேலணை முதல் தடவையிலேயே முழு வெற்றியா என்றால், இல்லை! அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது. தண்ணீர் காவிரிக்குள் பாய்ந்து, மணலை அரித்ததோடு நிற்காமல் காவிரியின் படுகையையே ஆழமாக்கத் தொடங்கியது. கொள்ளிடம் பக்கம் மேடிட ஆரம்பித்தது. இப்படியே விட்டால் முன்பு கொள்ளிடத்துக்கு இருந்த நோய் இப்போது காவிரிக்கு வந்துவிடும். வெள்ளம் வந்தால் டெல்டா தாங்காது. காகிதத்தில் சரியாக இருந்த கணக்கை ஆறு திருத்தியது.

என்ன செய்தார்கள் தெரியுமா? 1843இல் மேலணையின் நடுப்பகுதியை உயரம் குறைத்தார்கள். 1845இல் காவிரியின் வாயில் படுகை மட்டத்தில் ஒரு தடுப்புச் சுவர் போட்டார்கள், அதற்குமேல் ஆறு ஆழமாகக் கூடாது என்று. அதன்பிறகுதான் ரெண்டு ஆறும் சமநிலைக்கு வந்தன. இன்று நாம் புத்தகத்தில் படிக்கிற வெற்றி, கட்டிய வருஷத்தின் வெற்றி அல்ல. ஒன்பது வருஷம் கவனித்துத் திருத்தியதன் வெற்றி. முடிவை மறைத்திருந்தால் திருத்தியிருக்க முடியுமா?

கோதாவரியும் கர்னூலும்

உடம்பு அடிக்கடி கெட்டது. ஓய்வுக்காகக் கடல் கடந்து டாஸ்மேனியா வரை போனார். அங்கேதான் 1841இல் எலிசபெத் லியர்மாந்தைத் திருமணம் செய்துகொண்டார். திரும்பி வந்தவரைக் கோதாவரி அழைத்தது. 1833இல் குண்டூர் பக்கம் கொடிய பஞ்சம் பல்லாயிரம் பேரைத் தின்றிருந்தது. கரைபுரண்டு ஓடும் கோதாவரிக்குப் பக்கத்திலேயே மக்கள் சோறில்லாமல் செத்தார்கள் என்பது அவர் மனசை அறுத்தது. பணம் தரத் தயங்கிய மேலிடத்தோடு ஓயாமல் வாதாடினார். 1847இல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி 1852இல் அணை முடிந்தது. அங்கும் அடியில் மணல்தான். கல்லணைப் பாடம்தான் அங்கும் கைகொடுத்தது. கோதாவரி மாவட்டங்களில் இன்றும் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். பின்னாளில் அங்கே கட்டிய புதிய அணைக்கும் அவர் பெயர்தான்.

1860இல் ஓய்வு, 1861இல் சர் பட்டம். இத்தோடு கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் வாழ்க்கை வரலாறு என்றால் தோல்வியையும் சொல்லவேண்டும். டெல்டாவில் பலித்தது எங்கும் பலிக்கும் என்று காட்டன் நம்பிவிட்டார். அவர் ஆதரவோடு துங்கபத்திரையிலிருந்து கர்னூல், கடப்பை வரை கால்வாய் வெட்ட ஒரு தனியார் கம்பெனி இறங்கியது. மேட்டு நிலம், பாறை, செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கோ போனது. அதைவிட மோசம், அந்தக் கரிசல் மண் உழவர்கள் கால்வாய்த் தண்ணீரை வேண்டவே இல்லை. அந்த மண் மழையின் ஈரத்தைப் பிடித்துவைத்தே சோளமும் பருத்தியும் கொடுத்துவந்தது. கடைசியில் 1882இல் அரசாங்கமே அந்தக் கால்வாயை எடுத்துக்கொள்ளவேண்டி வந்தது. கல்லணையிடம் கேட்டுக் கற்ற மனிதர் கரிசலிடம் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. மணலில் ஓடும் பக்கெட் களிமண்ணில் ஒட்டிக்கொள்கிற மாதிரிதான்!

அதேநேரம் அவருடைய பெரிய வாதத்தை யாரும் லேசாகத் தள்ளமுடியாது. ரயிலுக்குக் கோடிகோடியாகக் கொட்டுகிறீர்கள், அதில் ஒரு பங்கைப் பாசனத்துக்கும் படகுப் போக்குவரத்துக் கால்வாய்களுக்கும் கொடுங்கள் என்பது அவர் கட்சி. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பஞ்சம் சூறையாடியது. 1878இல், எழுபத்தைந்து வயதில், பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு முன் நின்று கேள்விமேல் கேள்விக்குப் பதில் சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை. ஆனாலும் அவர் ஓயவில்லை. வயதான காலத்தில் டார்கிங் என்ற ஊரில், மண்ணை ஆழமாகக் கிளறிப் பயிரிட்டால் கோதுமை கூடுதலாக விளையுமா என்று தன் தோட்டத்தில் சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24ஆம் தேதி, தொண்ணூற்றாறு வயதில் காலமானார்.

182 வருஷத்துக்குப் பின்

நாங்கள் முக்கொம்பில் நின்றபோது இன்னொன்றையும் பார்த்தோம். 2018 ஆகஸ்ட் 22 இரவு, மேலணையின் 45 மதகுகள் கொண்ட பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. அதன்பின் பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. கட்டி 182 வருஷம் ஆன அணை என்பது ஒரு காரணம். ஆற்றில் அளவில்லாமல் மணல் அள்ளியதும் காரணம் என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். நினைத்துப் பாருங்கள் நண்பர்களே, வாய்க்காலைத் தூர் வாரி உயிர் கொடுப்பதும் அதே இயந்திரம். ஆற்றின் அடிமடியில் கைவைப்பதும் அதே இயந்திரம். லீவரைப் பிடிப்பவனுக்கு மண்ணைப் பற்றிய அறிவும் பயமும் வேண்டாமா?

திரும்பி வந்து நாங்கள் ரிப்போர்ட்டில் ரெண்டு எண்ணையும் எழுதினோம். காகிதத்தில் 14.4, களத்தில் 4. வித்தியாசம் ஏன் என்று நாலு பக்கம். வண்டி சரிந்ததையும் எழுதினோம். பக்கவாட்டில் கை நீட்டித் தோண்டும்போது விளிம்பு அழுத்தத்தைத் தனியாகக் கணக்கிடவேண்டும்; கரையோரம் பலகை விரிக்கவேண்டும்; களிமண்ணுக்குப் பக்கெட்டின் வடிவம் மாறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்கும் முன் அந்த மண்ணில் வேலை செய்தவர்களைக் கேட்கவேண்டும் என்று கடைசி வரி. வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் அந்த நாலு பக்கத்தைத்தான் கேட்டார், வேறெதையும் கேட்கவில்லை. மார்க் என்ன என்று கேட்காதீர்கள், பாஸ்!

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் ஊற்று விஷயத்தை ரிப்போர்ட்டில் எழுதியதாகச் சொன்னேன். தன் பெயரையா எழுதினாய் என்று பதறினார். இல்லை, அனுபவமுள்ள உள்ளூர்த் தொழிலாளர் என்று எழுதினேன் என்றேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை போட்டார். பெயரையே எழுதியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த தடவை கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும்போது செல்போனைக் கொஞ்சம் பையில் வைத்துவிட்டு வெளியே பாருங்கள், நண்பர்களே. அந்த வெறும் மணல், 1836இல் ஒரு முப்பத்து மூன்று வயதுக்காரரும் பெயர் தெரியாத ஆயிரம் ஆயிரம் பேரும் எழுதிவைத்த விடைத்தாள். திருத்தியது காவிரி!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை